நேர்காணலில் வலிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கேட்டவர் 25 வயதுப் பெண். ஊர் திருப்பூர். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் கணக்கு பார்த்திருக்கிறார். 16 வயதில் வலிப்பு தொடங்கியது. காலையும் இரவும் மாத்திரை. கடைசியாக வந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நேர்காணலில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்களாம். சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வாரம் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. 'மூச்சு விடாதே' என்கிறார் அம்மா. 'மறைத்து மாட்டிக்கொண்டால் அசிங்கம், முதலிலேயே சொல்லிவிடு' என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. நேர்காணலில் சொல்ல வேண்டாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு எழுத்தில், வேலைக்குத் தேவையான அளவு சொல்லுங்கள். நடுவில் ஏதாவது படிவத்தில் கேட்டிருந்தால் பொய் மட்டும் எழுதாதீர்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் இதை இப்படியே எடுத்துக்கொண்டு போனால் எங்கேயாவது முட்டிக்கொள்வீர்கள். அதனால் விளக்குகிறேன்.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து 17 வருடம் ஆகிறது. முதலில் ஒரு கன்சல்டன்சி, அப்புறம் இரண்டு நிறுவனங்களின் எச்.ஆர். துறை. என் இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காது. ஆக, இரண்டு பக்கத்து நாற்காலியின் சூடும் எனக்குத் தெரியும்.

நேர்காணல் முடிந்து நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். மூன்று பேர் இருப்போம். ஒருவர் போனில் மெயில் பார்ப்பார். இன்னொருவர், 'பரவாயில்லை, ஜி.எஸ்.டி. நன்றாகத் தெரிகிறது' என்பார். அன்றைக்குப் பார்த்தது ஒன்பது பேர், இடம் இரண்டு. அந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி 'யாரை எடுப்பது' என்பது இல்லை, 'யாரைக் கழிப்பது' என்பதுதான். ஏழு பேரைக் கழிக்க ஏழு காரணம் வேண்டும். அந்த நேரத்தில் யாராவது 'அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஃபிட்ஸ் என்றாளே' என்று நினைவூட்டினால் அதற்கு மேல் விவாதமே நடக்காது. வலிப்பு என்றதும் மூவர் மனதிலும் ஓடுவது ஒரே படம்தான்: பஸ் ஸ்டாண்டில் யாரோ விழுந்து கிடக்க, சுற்றி நின்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் கூட்டம். இரண்டரை வருடமாக ஒன்றும் வரவில்லை என்று நீங்கள் சொன்னது யாருக்கும் நினைவில் இருக்காது.

மதிப்பீட்டுத் தாளில் வலிப்பு என்று யாரும் எழுத மாட்டோம். 'கம்யூனிகேஷன் சுமார்' என்று எழுதுவோம். அல்லது 'டீமுக்குப் பொருந்துவாரா என்பது சந்தேகம்.' நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். சம்பளப் பட்டியல் போடும் வேலைக்கு ஒரு பையன் வந்திருந்தான். பேச்சு திக்கும். கொடுத்த தேர்வில் ஒரு தப்பு இல்லை. பேனலில் மூத்தவர் உதட்டைப் பிதுக்கினார். 'கம்யூனிகேஷன் ஆவரேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது, ஒரு காது கேட்காத நான். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் பேனா கொஞ்சம் தயங்கும்.

இதனால்தான் அண்ணன் சொல்கிற மாதிரி முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்காணலில் எங்களிடம் உங்களைப் பற்றி அரை மணி நேரத்து அறிவுதான் இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம் நோய்க்குப் போனால், எங்கள் கணக்கில் உங்களில் ஆறில் ஒரு பங்கு நோய். ஆஃபர் லெட்டர் கொடுத்த பிறகு நிலைமை வேறு. அப்போது நீங்கள் நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள். பட்ஜெட்டில் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, மேலதிகாரி 'எப்போது சேருகிறார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது திருப்பி அனுப்ப வேண்டுமானால் ஒருவர் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். யாருக்கும் அது பிடிக்காது.

சரி, சொல்லாமல் இருப்பது ஏமாற்று ஆகாதா? ஆகாது. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது ஒன்று, கேட்டதற்குப் பொய் சொல்வது வேறு. உங்கள் சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு, இடுப்பு வலி எதையும் நேர்காணலில் யாரும் முன்வந்து சொல்வதில்லை. வலிப்பு மட்டும் ஏதோ குற்றம் போல ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் அம்மா சொல்கிற 'மூச்சு விடாதே'யை அப்படியே வாழ்நாள் கொள்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாக்களுக்கு இந்தப் பயம் வருவது வேலையால் அல்ல, கல்யாணத்தால். இந்து திருமணச் சட்டத்திலேயே கல்யாணத்தை ரத்து செய்ய வலிப்பு ஒரு காரணமாக இருந்தது, 1999-ல்தான் நீக்கினார்கள். சட்டத்தை மாற்றி கால் நூற்றாண்டு ஆன பிறகும் வீட்டுக்குள் அந்தப் பயம் போகவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். வேலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'கொடுத்த தகவல் எதுவும் தவறென்று தெரிந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் எழுதிய ஒரு 'இல்லை', இரண்டு வருடம் கழித்து அந்த வரியோடு கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். அப்போது பிரச்சினை வலிப்பாக இருக்காது, பொய்யாக இருக்கும். நோயாளிக்காகப் பேச ஆள் கிடைக்கும், பொய் சொன்னவருக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள்.

இது சம்பந்தமாக ஒரு பழைய வழக்கு. எல்.ஐ.சி.யில் சேர்ந்த ஒரு பெண், தகுதிகாண் காலத்திலேயே மகப்பேறு விடுப்பில் போனார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் மாதவிடாய்த் தேதியைத் தவறாகக் கொடுத்து கர்ப்பத்தை மறைத்துவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அத்தோடு விடாமல், மாதவிடாயையும் கருத்தரிப்பையும் பற்றி ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பதே அவமானப்படுத்துவது, அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்து எடுங்கள் என்றது. கேட்கவே கூடாத கேள்வி என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம். எல்லாக் கேள்விக்கும் பொய் சொல்லலாம் என்பதற்கு இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஆஃபர் கொடுப்பதற்கு முன் நிறுவனம் உடல்நிலை பற்றிக் கேட்கக் கூடாது. பிரிட்டனிலும் 2010-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இதே போல இருக்கிறது. நம் ஊரில் தனியார் நிறுவனத்துக்கு அப்படி நேரடியான தடை இல்லை. எச்.ஐ.வி. ஒன்றுக்கு மட்டும் தெளிவான பாதுகாப்பு உண்டு: 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது. ஆக, உங்களிடம் நேராகவே கேட்டுவிடுவார்கள். குறிப்பாக எங்களைப் போன்றவர்கள், கடைசி ஐந்து நிமிடத்தில், காபி குடித்தீர்களா என்கிற தொனியில், 'ஹெல்த் இஷ்யூ ஏதும் இல்லையே?' என்று கேட்போம்.

அதற்கு 'இல்லை' என்று சொல்லாதீர்கள். கதையும் சொல்லாதீர்கள். 'இந்த வேலையைச் செய்வதற்கு இடைஞ்சலாக எதுவும் இல்லை மேடம். ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் மார்ச் மாதத்தையே தாண்டி வந்திருக்கிறேன்.' அவ்வளவுதான். உண்மை, பதில், கூடவே உங்கள் அனுபவத்துக்கு ஒரு விளம்பரம். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். அறையில் மூன்று விநாடி மௌனம் வந்தால் அதை நிரப்ப வேண்டும் என்று தோன்றும். 'அது வந்து, சின்ன வயசில...' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மௌனம் எங்களுடையது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ரெஸ்யூமேயில் இடைவெளி இருப்பவர்களுக்கும் இதே மருந்துதான். 'எட்டு மாதம் ஏன் வேலையில் இல்லை?' என்றால், 'உடல்நிலை காரணமாக. சிகிச்சை முடிந்தது, டாக்டர் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்' என்று நிறுத்திக்கொள்ளலாம். மனநலச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நம் அலுவலகங்களில் சர்க்கரை நோய்க்குக் கிடைக்கும் பரிவில் பத்தில் ஒரு பங்குகூட மனச்சோர்வுக்குக் கிடைப்பதில்லை. நோயின் பெயரைச் சொல்லி என்ன சாதிக்கப்போகிறோம் என்று ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் நான் உண்மையிலேயே கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. ஓ.எம்.ஆரில் கணக்கு வேலை என்றால் பாதிக்குப் பாதி வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலையாக இருக்கும். அமெரிக்க நேரம் என்றால் மாலை ஆறரைக்கு உள்ளே போய் விடியற்காலை மூன்றரைக்கு கேப் பிடித்து வீட்டுக்கு வருவது. வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது எவ்வளவு பெரிய தூண்டுதல் என்று உங்கள் நரம்பியல் மருத்துவர் நிச்சயம் சொல்லியிருப்பார். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறினால் மாத்திரை நேரமும் மாறும். இரண்டரை வருடம் கட்டிக்காத்ததை ஒரு மாத நைட் ஷிஃப்டில் தொலைத்துவிடக் கூடாது. சொல்வதா வேண்டாமா என்று குழம்புவதற்கு முன்னால், அந்த வேலையே வேண்டுமா என்பதைத் தீர்மானியுங்கள். ஷிஃப்ட் என்ன, சுழற்சியா, நிரந்தரமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அது யார் வேண்டுமானாலும் கேட்கும் கேள்வி. கைக்குழந்தை வைத்திருப்பவர் கேட்பார், தாம்பரத்துக்கு அப்பால் வீடு இருப்பவர் கேட்பார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தர நைட் ஷிஃப்ட் என்று பதில் வந்தால், என்னைக் கேட்டால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த வேலையை உங்களுக்கு மறுத்தது அவர்கள் இல்லை, நீங்கள்தான். அதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

பகல் ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் வந்துவிட்டது. அடுத்தது மெடிக்கல். ஏதாவது ஒரு டயக்னாஸ்டிக் சென்டருக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, கண். கூடவே ஒரு தாள். 'கீழ்க்கண்டவற்றில் எதுவும் இருந்ததுண்டா' என்று ஆஸ்துமா, காசநோய், வலிப்பு, மயக்கம் என்று வரிசையாக இருக்கும், எதிரே இரண்டு கட்டம். வரிசையில் உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். கவுன்டரில் இருக்கும் பெண் 'எல்லாத்துக்கும் நோ போட்டுக் கொடுங்க மேடம், லேட்டாகுது' என்பாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். கேட்காதீர்கள். 'ஆம்' என்று குறியிட்டு, பக்கத்தில் 'மருந்தால் கட்டுப்பாட்டில் உள்ளது. கடைசியாக வந்த மாதம், வருடம் இது. மருத்துவர் சான்று இணைப்பு' என்று எழுதுங்கள்.

அந்தச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்காணலுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் வந்த பிறகு ஓடினால், அவர் ஊரில் இருக்க மாட்டார். சான்றில் மூன்று விஷயம் போதும்: கட்டுப்பாட்டில் இருக்கிறது, அலுவலக வேலைக்குத் தகுதியானவர், இரவு ஷிஃப்ட் தவிர்க்கப்பட வேண்டும். இ.இ.ஜி. ரிப்போர்ட்டும் ஸ்கேன் படமும் பழைய மருந்துச் சீட்டும் எச்.ஆருக்குத் தேவையே இல்லை. சிலர் பாசத்தோடு முழு ஃபைலையும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அறிவு எங்களுக்குக் கிடையாது, பயந்துகொள்ளும் அறிவு மட்டும்தான் உண்டு.

படிவமே கொடுக்கவில்லை என்றாலும், ஆஃபரை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பிய பிறகு, சேரும் நாளுக்கு முன்னால், எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். விஷயம் இப்படி இருக்கட்டும்: 'எனக்கு ஒரு நரம்பியல் பிரச்சினை உண்டு. மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்த வேலையைச் செய்யத் தடையில்லை என்று மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்டில் போட வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள். இந்தத் தகவலைத் தேவைப்படுகிறவர்களைத் தவிர மற்றவர்களோடு பகிர வேண்டாம்.' நான்கைந்து வரி. வருத்தம் தெரிவிப்பதோ மன்னிப்புக் கேட்பதோ ஒரு வரியும் வேண்டாம். போனில் சொல்லாதீர்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, மெயிலில் தேதி இருக்கும். பின்னால் யாராவது 'மறைத்துவிட்டாய்' என்றால் எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

அப்புறம் அந்த மெயிலையும் மீறி ஆஃபரைத் திரும்பப் பெற்றால்? நடக்கும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் வந்தது. முந்தைய 1995 சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கினார்கள். அந்தப் பட்டியலில் தண்டுவட மரப்பு, பார்க்கின்சன், ஹீமோஃபிலியா, தலசீமியா எல்லாம் உண்டு. வலிப்பு என்ற பெயர் இல்லை. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பு இருந்தாலும், வலிப்பை மட்டும் காட்டி 40 சதவீதச் சான்றிதழ் வாங்குவது நடைமுறையில் கஷ்டம். அந்த 40 சதவீதம் இருந்தால்தான் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு.

ஆனால் சான்றிதழ் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு, தான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் ஒருவரின் உதவி கேட்டார். அவருடைய குறைபாடு 40 சதவீதக் கணக்குக்குள் வராது என்று மறுத்தார்கள். இடஒதுக்கீட்டுக்கான அளவுகோல் வேறு, வேலையோ தேர்வோ செய்ய ஏதுவாகச் சின்ன மாற்றங்கள் கேட்கும் உரிமை வேறு என்று சொல்லி அவருக்கு எழுத்தர் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். உங்களுக்குக் கொஞ்சமாவது கை கொடுக்கக்கூடிய தீர்ப்பு இதுதான்.

தனியார் என்பது இன்னொரு சிக்கல். வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் கறாராகச் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. தனியாருக்கு இருக்கும் கடமை, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடுவது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், என்னென்ன வசதி செய்து தருவோம், யாரை அணுக வேண்டும் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும் நிறுவனத்தின் இணையதளத்தில் அடிப்பகுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேடி எடுப்பதற்கே சிரமமாக இருந்தால் அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. புகார் என்று வந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். அந்த அலுவலகத்துக்குச் சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு வேலைக்காக ஒரு வருடம் அலைய வேண்டுமா என்று கேட்டால், மற்ற வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே அலையுங்கள் என்றுதான் சொல்வேன்.

'ஆஃபர் வரை பொறு' என்றேன். பொறுக்கக் கூடாத இடங்களும் உண்டு. வண்டி ஓட்டும் வேலை என்றால் பேச்சே வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படிவமே வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்றுதான் கேட்கிறது. உங்கள் ஊரில் சாயப்பட்டறை பாய்லர் பக்கமோ, பெரிய இயந்திரங்களுக்கு நடுவிலோ, உயரத்தில் ஏறியோ செய்யும் வேலை என்றால் மறைப்பது உங்கள் உயிரோடும் பக்கத்தில் நிற்பவர் உயிரோடும் விளையாடுவது. இடஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பவருக்குச் சொல்வதுதான் தகுதியே.

அப்புறம், நேர்காணலிலேயே உதவி தேவைப்படுகிறவர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் இரண்டு நாள் முன்பே போன் செய்து லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். 'இருக்கு சார்' என்பார்கள். 'இன்றைக்கு ஓடுகிறதா?' என்று மறுபடியும் கேட்க வேண்டும். நான் இதைக் கற்றுக்கொண்டது என் காதால்தான். 2007-ல் என் இரண்டாவது வேலைக்கான நேர்காணல். முடியை இழுத்துக் காதுக்கருவியை மறைத்துக்கொண்டு போனேன். மூவரில் முக்கியமானவர் என் இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் நோட்டீஸ் பீரியட் (பழைய வேலையை விட எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்) எவ்வளவு என்று கேட்க, நான் 'இருபத்தெட்டாயிரம்' என்றேன். சம்பளம் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தப்பு என்று தெரிந்தது, எந்தக் கேள்வி என்று தெரியவில்லை. திமிர் பிடித்தவள், இல்லாவிட்டால் மந்தம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த இடத்தில் உள்ளே நுழைந்ததும், 'நான் இந்தப் பக்கம் உட்காரலாமா? எனக்கு வலது காதில்தான் தெளிவாகக் கேட்கும்' என்றேன். ஒருவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். எப்போதிலிருந்து, ஏன், பரம்பரையா என்று யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

சேர்ந்த பிறகு பணம் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். நிறுவனத்தின் குரூப் இன்சூரன்ஸில் பெரும்பாலும் பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருக்கும். இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாக ஒரு பாலிசி எடுத்தால் அந்த விண்ணப்பத்தில் வலிப்பைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், பணம் கேட்கும் நாளில் மொத்தமாகக் கையை விரிப்பார்கள். 2024 முதல் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்காக இருந்தது. இன்னொன்று உங்களுக்குப் பொருந்தாது, சான்றிதழ் உள்ள மற்றவர்களுக்கு: பழைய வரி முறையில் மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் கழிவை நிறுவனத்தின் சம்பளப் பிரிவு மூலம் கேட்டால் அந்தப் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும். தெரிய வேண்டாம் என்றால் நிதியாண்டு முடிந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் போகட்டும். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒருவரிடம், நம்பிக்கை வந்த பிறகு, நீங்களே சொல்லி வையுங்கள். எச்.ஆருக்குத் தெரிந்து பிரயோஜனம் இல்லை, நாங்கள் வேறு மாடியில் இருப்போம். அவரிடம் சொல்ல வேண்டியது நோயின் வரலாறு இல்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான்: ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு அடியில் துப்பட்டாவை மடித்து வை, வாயில் எதையும் திணிக்காதே, சாவியைத் தேடி ஓடாதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108-க்குப் போன் செய். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் இப்படித்தான் தன் தோழியிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் மதியம் வந்தது. ஆள் ஆளுக்குக் கூடி ஒருவர் சாவிக்கொத்தை நீட்ட, அந்தத் தோழி அதைத் தட்டிவிட்டு, 'எல்லாரும் தள்ளுங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு' என்று கத்தினாள். நாலாவது நிமிடம் அவள் கண் திறந்தாள். மறுநாள் விடுப்பு, அதற்கடுத்த நாள் வேலை. ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள், அப்புறம் தீபாவளி போனஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்துக்கு வருவோம். திருப்பூரிலிருந்து இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராக நேர்காணலுக்குப் போகும் திட்டம் இருந்தால் மாற்றுங்கள். முந்தின நாள் பகலிலேயே வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கி, நன்றாகத் தூங்குங்கள். மாத்திரையோடு கொஞ்சம் சாப்பாடும் பையில் இருக்கட்டும். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு நாலு மணி வரை உட்காரவைப்பது எங்கள் பழக்கம்.